நான் கொடுத்த அபராதம்

முட்டி தரையில் இடிக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. மரத் தட்டிக்கு அந்தப் பக்கம் நான் துடைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா உட்காரவில்லை. சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, தட்டியின் ஓட்டைகளுக்கு நேராக வாயைக் கொண்டுவந்து ஆரம்பித்துவிட்டார். "ஆசீர்வதியும் சாமி, நான் பாவி. பாவசங்கீர்த்தனம் பண்ணி ஒரு வருஷம் ஆவுது."

நான் சாமி இல்லை. உளவியல் முதுகலை இரண்டாம் வருஷம் படிக்கிற, இருபத்திரண்டு வயசுப் பெண். மடியில் கிளிப் போட்ட அட்டை, அதில் ஒரு கேள்வித்தாள், காதுக்குப் பின்னால் பேனா.

அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. ஆட்களை நேரில் பார்த்து ஆலோசனை சொல்லிப் பழகுவது எங்கள் படிப்பில் ஒரு பகுதி. இடத்தை நாங்களே பிடிக்க வேண்டும். கூடப் படிப்பவர்கள் அடையாறு, அண்ணாநகர் என்று ஏசி அறைகளாகப் பிடித்தார்கள். நான் ராயபுரத்திலேயே, எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளியிருக்கிற கோயிலில் கேட்டேன். கோயில் என்றால் எங்கள் பேச்சில் மாதா கோயில். ஃபாதர் பின்பக்கத்துச் சாமான் அறையின் சாவியைக் கொடுத்தார். உள்ளே உடைந்த பெஞ்சுகள், போன கிறிஸ்துமஸ் குடிலின் வைக்கோல், ஒரு கை போன சூசையப்பர் சிலை. மூலையில், ஓட்டை ஓட்டையாகத் துளைத்த ஒரு மரத் தட்டி. ஒரு காலத்தில் பாவம் கேட்கிற சாமியாருக்கும் பாவம் சொல்கிறவருக்கும் நடுவில் நின்றது. பார்த்ததும் எனக்குக் குஷி. முகம் தெரியாவிட்டால் ஆட்கள் கூச்சப்படாமல் பேசுவார்கள் என்று வகுப்பில் படித்திருந்தேன். ஈரத்துணி போட்டுத் துடைத்து அறையின் நடுவில் நிறுத்திவிட்டேன். எனக்கு அது அறிவியல். எங்கள் தெருக்காரர்களின் முட்டிக்கு அதெல்லாம் தெரியாது. அந்த ஓட்டைகளைக் கண்டால் அது தானாக மடங்கும்.

"அம்மா, நான் சாமி இல்லம்மா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா சொல்லிவிட்டார். "என் மவனோட ரிப்போர்ட்ட நான்தான் அடுப்புல போட்டேன் சாமி."

வாயை மூடிக்கொண்டேன். மரியாதையால் இல்லை, ஆசையால். மூன்று வாரமாக அந்த அறையில் கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்த நாலைந்து பேரும் "தூக்கம் வர்லமா, மாத்திர எதனா கீதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூச்சை எண்ணச் சொன்னேன், கவலைகளை நோட்டில் எழுதச் சொன்னேன். ஒருத்தரும் செய்யவில்லை. இப்போது கதவைத் தட்டாமலே ஒரு முழு மனசு உள்ளே வந்து விழுகிறது. விடுவேனா?

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயசு. இறா உரிக்கிற ஷெட்டில் வேலை. ஒரே மகன், டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். துறைமுகத்துக்கு கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு எண்ணூர் ரோட்டில் நாள் கணக்கில் வரிசையில் நிற்கிற லாரிகளில் ஒன்று. கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. மூன்றாம் வருஷம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பரிசோதனை செய்தார்கள். மகன் லாரியில் இருந்ததால் அம்மாவே போய் ரிப்போர்ட் வாங்கினார். நர்ஸ் படித்துச் சொன்னார். மருமகளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை மகனுக்கு.

"வூட்டுக்கு வந்து ரெண்டு பேரு ரிப்போர்ட்டயும் கேஸ் அடுப்புல காட்டினேன் சாமி. சாம்பல தண்ணி ஊத்தி அமுக்கிட்டேன். ரிப்போர்ட்டு காணாம பூட்ச்சி, ஆனா டாக்டரு சொல்லிட்டாரு, எல்லாம் இவகிட்டதான் கோளாறுன்னு சொல்லிட்டேன்."

மகன் நம்பினார். தெரு நம்பியது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் செய்ததை அந்த அம்மா வரிசையாகச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் எத்தனை தடவை என்று சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். ஞானஸ்நான விருந்துகளில் மருமகளைப் பிள்ளையைத் தூக்க விடாமல் பின்கட்டுக்கு அனுப்பியது பத்துப் பன்னிரண்டு தடவை. வெறுங்காலோடு மாதா கோயில் நடைப்பயணத்துக்கு அனுப்பியது நாலு தடவை. அவருக்கு மொட்டை போட வைத்தது இரண்டு தடவை. ஷெட்டில் கூடவே வேலை பார்க்கிற மருமகள் ஒரு கர்ப்பமான பெண் பக்கத்தில் உட்கார்ந்தபோது எல்லார் முன்னாலும் "எந்திரிச்சி அப்பால போடி" என்றது ஒரு தடவை. "மலடின்னு கூப்ட்டது எத்தினி வாட்டின்னு எண்ணல சாமி. பேரச் சொல்லி எத்தினி வாட்டி கூப்ட்டேன்னு கேளு, அத்த வேணா சொல்றேன்."

இப்போது என்ன வந்தது? தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் சமயத்தில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாராம். "அன்னிலேர்ந்து தூக்கம் பூட்ச்சி. கண்ண மூடினா அவ கையி என் காலு மேல கீறாப்லயே கீது. மாரு படபடன்னு அட்ச்சிக்குது. செத்துடுவேன் போல."

எல்லாம் சொல்லி முடித்து, மூக்கைச் சிந்தி, ஓட்டை வழியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அபராதம் இன்னா சாமி?"

அப்போதுதான் அது என் மண்டையில் அடித்தது.

மற்றவர்களுக்கு அபராதம் என்றால் ஹெல்மெட் போடாமல் போனால் போலீஸ் போடுவது. எங்களுக்கு வேறு. ஞானோபதேச வகுப்பில் ராகம் போட்டு ஒப்பித்தது இன்னும் வாயில் இருக்கிறது. பாவத்தை ஆராய்ந்து பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, பிரதிக்கினை செய்வது, குருவிடம் சொல்வது, கடைசியில் குரு கட்டளையிடும் அபராதத்தைத் தீர்ப்பது. தீர்க்காமல் செத்தால் என்ன ஆகும் என்று எட்டு வயசில் பயந்து நடுங்கியிருக்கிறோம். ஆலோசகர் வீட்டுப்பாடம் கொடுத்தால் எங்கள் ஆட்கள் செய்ய மாட்டார்கள். அபராதம் கொடுத்தால்? தலையை அடகு வைத்தாவது செய்வார்கள்! இத்தனை நாள் இரண்டு தனித்தனிப் பெட்டியாக வைத்திருந்தேன். வீட்டில் ஜெபம், கல்லூரியில் உளவியல். இரண்டையும் இணைக்கிற ஒயர் இதோ என் கையில்.

குரலைத் தாழ்த்தினேன். பேச்சையும் மாற்றினேன், கோயில் தமிழுக்கு. "பெரிய வெள்ளிக்கிழமைக்குள், நீ எரித்ததை உன் மருமகளிடம் உன் வாயாலேயே சொல்ல வேண்டும்."

தட்டிக்கு அந்தப் பக்கம் மறுபடி மூக்கைச் சிந்தினார். அப்புறம், "வேற எதனா குடேன் சாமி. அம்பத்திமூணு மணி ஜெபமால ஒரு மாசம் சொல்றேன்."

"இல்லை. இதுதான்."

இதுதான் என்று சொன்னபோது எனக்குள் ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. அவ்வளவு பெரிய மனுஷி, என் அம்மாவைவிடப் பத்து வயசு பெரியவர், என் ஒரு வார்த்தைக்கு நடுங்குகிறார். அந்த அம்மா உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னார். பாவமன்னிப்பு கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும், அதனால் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. "சமாதானமாகப் போங்கள்" என்று மட்டும் சொன்னேன். அது சாமியார் கடைசியில் சொல்கிற வார்த்தை. தெரிந்துதான் சொன்னேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை முட்டி போடவில்லை. தட்டியைச் சுற்றிக்கொண்டு நேராக வந்து எதிரில் உட்கார்ந்தார். என் ஜீன்ஸையும் குர்தாவையும் பார்த்தார். பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சொல்லிட்டீங்களாம்மா?"

"சொல்லிட்டேன். பெரிய வெள்ளிக்கிழம அன்னிக்கே."

"மருமக என்ன சொன்னாங்க?"

"அவ இன்னா சொல்லுவா, அழுதா." கையை வீசினார், ஈ ஓட்டுகிற மாதிரி. "எனக்கு இப்ப தூக்கம்னா தூக்கம் கண்ணு, கட்ட மாதிரி வுழுந்து தூங்கறேன். படபடப்பு சுத்தமா இல்ல."

கேள்வித்தாளை எடுத்தேன். தூக்கம், பசி, நெஞ்சுப் படபடப்பு, அழுகை. ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தேன். முதல் தடவை அந்த அம்மா சொன்னதையெல்லாம் வைத்து நான் போட்டிருந்த மதிப்பெண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அழுத மருமகளைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே கூட்டல் போட்டேன்.

வகுப்பில் அதைக் கேஸாகச் சமர்ப்பித்தேன். பெயர், தெரு எல்லாம் மறைத்துத்தான். ஆனால் நடித்துக் காட்டினேன். துப்பட்டாவைத் தலையில் போட்டு முட்டி போட்டு, "அபராதம் இன்னா சாமி?" என்று அந்த அம்மாவின் குரலிலேயே கேட்டேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தெற்கிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு எங்கள் பாஷையே சினிமா காமெடிதான். அவர்கள் அப்படிச் சிரித்தால் மற்ற நாட்களில் சண்டைக்குப் போகிறவள் நான். அன்றைக்கு நானே விருந்து வைத்தேன். "மாமு, நீ பாவமன்னிப்புக்கு ஒரு ஆப் போட்டுடு" என்றான் ஒரு தோஸ்து. அதற்கும் சிரித்தேன்.

எங்கள் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த மருமகள் என்ன ஆனாங்க?" என்று கேட்டார்.

"அவங்க என் க்ளையண்ட் இல்லையே மேடம்."

இந்தப் பதிலை இன்றைக்கும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை.

பெரிய வெள்ளி முடிந்து ஒரு மாசம். ஒரு மத்தியானம், அறைக் கதவு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பது வயசு இருக்கும். நைட்டிக்கு மேல் துண்டு, இறா உரித்து உரித்து வெளுத்துச் சுருங்கின விரல்கள். தட்டியை ஒரு கையால் தள்ளினார். அது சூசையப்பர்மேல் போய்ச் சாய்ந்தது.

"நீதான் அந்தப் பொம்பள சாமியா?"

யார் என்று கேட்கத் தேவைப்படவில்லை. "உட்காருங்க அக்கா" என்றேன்.

"உக்கார்றதுக்கு வர்ல. அக்கான்னுலாம் கூப்டாத. எவ்ளோ வயசு உனக்கு?"

சொன்னேன்.

"இருவத்திரண்டு வயசுல எவ்ளோ தெகிரியம் பாரு." அப்புறம் நின்றபடியே சொன்னார். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து, கோயிலில் ஊற்றின கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கி வந்திருக்கிறார்கள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்கு லீவு, அதனால் புருஷனும் வீட்டில். மாமியார் துவையலை வழித்து நக்கி, வாயைத் துடைத்து, இரண்டு பேரையும் பார்த்துச் சொல்லிவிட்டார். ஒரே பேச்சில், மூச்சு விடாமல்.

"நான் உடனே, இன்னா அத்த பொய் சொல்றீங்க, ஜொரத்துல புத்தி கலங்கிச்சான்னேன். அவரும் சிரிச்சாரு. அப்டியே போயிருக்கும். அத்த செவுத்துல கீற சிலுவய கயட்டி எடுத்து, அதும்மேல கைய வெச்சி, 'அபராதம்டா நைனா, அபராதத்துல பொய் சொல்லுவனா'ன்னிச்சி."

மருமகளிடம் சொல்லச் சொன்னேன். தனியாகச் சொல்லச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் எனக்குத் தோன்றவில்லை.

"நீங்க ஏன் பொய்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை. ஐந்து வருஷப் பழி நீங்குகிற நிமிஷத்தில் யாராவது அதைப் பொய் என்பார்களா?

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் மாதிரி ஏதோ இருந்தது. "ரிப்போர்ட்ட அடுப்புல போட்டா முடிஞ்சிச்சா? ஆஸ்பத்திரில போயி கேட்டா இன்னொண்ணு அடிச்சிக் குடுக்கறான். நாலு வருஷமா என் பீரோல கீது. கல்யாணப் பொடவைக்கு அடியில."

கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. நான் எடுக்கவில்லை.

"தெரிஞ்சிகினே இருந்தீங்களா? மொட்டை, நடை, எல்லாம்?"

"அவரு வண்டி ஓட்றவரு. ஸ்டாண்டுல நாலு பேரு வாயில வுழுந்து எந்திரிக்கணும். மலடின்ற பேரு எனக்குப் பழகிடுச்சி. அவருக்குப் பழகாது. என் பாட்டுக்கு அத சொமந்துகினு இருந்தேன். யாரக் கேட்டு எறக்கி வெச்ச நீ?"

புருஷன் சிலுவையைப் பார்த்திருக்கிறார், பெண்டாட்டியைப் பார்த்திருக்கிறார். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். இவருக்கு வாய் வரவில்லை. தெரியாது என்று சொல்ல ஒரு நொடி பிந்திவிட்டது. அவருக்கு அந்த ஒரு நொடி போதும். லுங்கி, சட்டை, செல்போன் சார்ஜர் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான். எண்ணூரில் லாரி ஸ்டாண்டுப் பக்கம் டிரைவர்கள் சேர்ந்து எடுத்த அறையில் இருக்கிறார். போன் எடுப்பதில்லை. அம்மா ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பாராம். பெண்டாட்டி தெரிந்தே தன்மேல் இரக்கப்பட்டு நாலு வருஷம் குடித்தனம் நடத்தினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அதோட வுட்டாங்களா அத்த? ஷெட்டுல சொல்லிச்சி. தண்ணி கொழாயில சொல்லிச்சி. பாவத்தச் சொல்லச் சொல்ல லேசாவுதுடின்னு பாக்கறவகிட்டலாம் சொல்லிச்சி. இப்ப ஸ்டாண்டு வரிக்கும் பூட்ச்சி. வெத்துவேட்டுன்னு பேரு வெச்சிட்டானுங்க."

வாசல்வரை போய்த் திரும்பினார். "ஒண்ணு பண்ணு. நீ சாமி இல்ல, நீ குடுத்த மன்னிப்பு செல்லாதுன்னு அவங்ககிட்ட போயி சொல்லு. தூங்கறாங்க. கொறட்ட வுட்டு தூங்கறாங்க. ஒரு மாசமா பக்கத்துல படுத்துகினு நான் அத கேட்டுகினு கீறேன். அந்தத் தூக்கத்தக் கெடு. உன்னால ஆவும்ல, அதான் படிக்கிறியே."

மனஸ்தாபம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்பதுபோல யோசித்தேன். கோயிலில் அதற்குப் பாவத்துக்காக மனம் வெந்து வருந்துவது என்று அர்த்தம். வெளியே தெருவில், இரண்டு பேர் முகம் பார்க்காமல் போவதற்கு மனஸ்தாபம் என்று பெயர். ஒரு வீட்டில் முதலாவதை நான் வரவழைத்தேன், இரண்டாவது கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. வகுப்பில் சொன்னதும் இப்படித்தான் பாதியில் நின்றது. குற்றவுணர்வு ஒரு நோய்க்குறி, அளந்து குறை என்றார்கள். குறைத்தேன். அது யாருக்குச் செய்த குற்றம் என்று கேட்க அந்தக் கேள்வித்தாளில் கட்டம் இல்லை. நான் இரண்டு புத்தகத்திலிருந்தும் எனக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்திருக்கிறேன்.

ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பிஷப் காதுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா? சாவியைக் குடு" என்றார். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையைக் கூப்பிட்டுத் தட்டியை அப்போதே எடுத்து அவர் அறைக்கு மாற்றச் சொன்னார். கோபம் தணிந்ததும், "பாவசங்கீர்த்தனம் பண்றியாம்மா?" என்றார். பண்ணினேன். பொய் வேஷம், பெருமை, ஒரு குடும்பத்தைக் கெடுத்தது, வகுப்பில் பெரியவர் ஒருவரைக் கேலி செய்தது. கேட்டுக்கொண்டு, "பத்து அருள் நிறை மந்திரம் சொல்லு" என்றார்.

பத்து! சொல்லி முடிக்க நாலு நிமிஷம் ஆகவில்லை. அவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். கடல் காற்று நின்றுபோன வெயில், கொடுங்கையூர்ப் பக்கமிருந்து குப்பை எரிகிற நாற்றம். அந்த அம்மா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து பாய்த் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். மருமகள் உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. நின்றபடியே சொன்னேன். "அம்மா, நான் சாமி இல்ல. அன்னிக்கு நான் சொன்னதுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. அந்த மன்னிப்பு செல்லாது."

சிரித்தார் பாருங்கள். வெற்றிலைப் பல் எல்லாம் தெரியச் சிரித்தார்.

"எனக்குத் தெரியாதாடி கண்ணு? பொம்பள சாமி எங்கனா கீதா? கொரலு காட்டிக் குடுக்காதா?"

"தெரிஞ்சுதான் முட்டி போட்டீங்களா?"

"மொதல்ல நெஜமாதான் போட்டேன். நீ வாயத் தொறந்ததும் தெரிஞ்சிபூட்ச்சி. சரி, எல்லாத்தயும் சொல்லிட்டோம், அபராதத்தயும் வாங்கிக்கலாம்னு வுட்டேன். சாமிங்ககிட்ட வருஷா வருஷம் சொல்லிக்கினுதான் கீறேன். எல்லாரும் பத்து அருள் நிறை மந்திரம். ஒர்த்தரு மட்டும் சமயம் பாத்து மருமவகிட்ட சொல்லும்மான்னாரு. எனக்கு சமயமே வர்ல. நீதான் தேதி போட்டுக் குடுத்த. அந்த மாதிரி ஒர்த்தரு வேண்டிருந்துச்சி."

"உங்க மகன் வீட்ட விட்டுப் போயிட்டாரேம்மா."

"வருவான். எங்க பூடுவான்? நான் எறக்கி வெச்சிட்டேன். இனிமே அது அவங்க பாடு." விசிறுவதை நிறுத்திவிட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஆசையாகக் கேட்டார். "வேணும்னா இன்னொரு அபராதம் குடேன். செஞ்சிட்றேன்."

என் நாக்கு நுனியில் வந்துவிட்டது. போய் மகன் காலில் விழுந்து கூட்டிக்கொண்டு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள். தேதியோடு வந்துவிட்டது. அந்த அம்மா செய்வார், அதில் சந்தேகமே இல்லை. ஸ்டாண்டில் நூறு டிரைவர் பார்க்க, சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு, கதறிக்கொண்டு செய்வார். வந்து கட்டை மாதிரித் தூங்குவார்.

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. மருமகள் ஈரக் கையோடு உள்வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது என்ன சொல்லப் போகிறாய், சொல்லு பார்க்கலாம் என்று.

"நீங்க சொல்லுங்க" என்றேன் அவரிடம். "உங்களுக்கு என்ன வேணும்?"

"இப்பதான் கேக்கத் தோணிச்சா?"

"ஆமா."

ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். மாமியார் வாயைத் திறக்கப் போனார். "நீங்க சும்மா இருங்க அத்த" என்றார், அந்த அம்மா அப்படியே அடங்கிப் போனார். அப்புறம் என்னிடம், "அவர பாக்கணும். வேற ஒண்ணும் வாணாம். தனியாப் போனா அந்த ஸ்டாண்டுல பல்ல இளிப்பானுங்க, நான் பாதியில திரும்பிடுவேன். நாளிக்கி ஞாயித்துக்கெழம, வண்டி எடுக்க மாட்டாரு. நீ வா."

"வர்றேன். அவர்கிட்ட நான் எடுத்துச் சொல்றேன், எப்படின்னா..."

"பாத்தியா, ஆரம்பிச்சிட்ட. நீ வாயத் தொறக்கவே கூடாது. ஒரு வார்த்த பேசின, அங்கியே செருப்பக் கயட்டுவேன்."

"அப்ப எதுக்கு நான்?"

"எவ குடுத்த அபராதம்னு கேட்டாருன்னா காட்றதுக்கு."

ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வரப் போகிறாராம். புடவைக்கு அடியிலிருந்து எடுத்து ஒரு மீன் கவரில் போட்டு வைத்துவிட்டார். அதைப் புருஷனிடம் கொடுப்பதா, அவர் முன்னால் கிழிப்பதா, அப்படியே திருப்பிக் கொண்டுவருவதா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. பண்ணியிருந்தாலும் என்னிடம் சொல்ல மாட்டார். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. "எழுதிக்கோ. எங்க பேரப் போடாத. உன் பேரயும் போடாத, அசிங்கமா கீது."

காலை எட்டு மணிக்குத் திருவொற்றியூர் பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து எண்ணூருக்கு அரை மணி நேரம். தூரத்தில் வள்ளூர் அனல்மின் நிலையப் புகைக்கூண்டுகள் தெரிகிற இடத்தில் இறங்கி, நிறுத்தி வைத்த லாரிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். அவர் புருஷன் அறையை விட்டு வெளியே வருவாரா என்றே தெரியாது. நான் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் வாயை மூடி இருந்ததாக எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. இன்று சாயங்காலம் சமையலறையில் ஒரு மூலையில் நின்று பழகிப் பார்த்தேன். ஏழாவது நிமிஷம் எங்கள் நைனா வந்து, "இன்னாடி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பதில் சொல்லிவிட்டேன்.

நாளைக்குச் சொல்லக் கூடாது. டிரைவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், அவர் திட்டினால் திட்டட்டும், அவர்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே நின்றாலும் நடுவில் புகக் கூடாது. எவ கொடுத்த அபராதம் என்று அவர் கேட்டால், வகுப்பில் தூக்குகிற மாதிரி கையை மட்டும் தூக்க வேண்டும்.